வால்பாறையில் காணாமல்போன டிஸ்க்

பொள்ளாச்சி

பொள்ளாச்சியில் காலைப் பலகாரம் சந்தகை. அரைத்த அரிசி மாவை அவித்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிகிறார்கள். ஆறிவிட்டால் அச்சு இறங்காது. அதனால் நான் சாப்பிடப் போன மெஸ்ஸின் அடுக்களையில் இரண்டு பேர் ஓட்டமும் நடையுமாகவே இருந்தார்கள். ஒரு தட்டில் எலுமிச்சை பிழிந்து தாளித்தது, இன்னொன்றில் தேங்காய்ப்பாலும் வெல்லமும். சென்னையில் நாங்கள் சாப்பிடும் இடியாப்பத்துக்கு இது சொந்தம்தான். ஆனால் காலையில் உடைத்த காயின் பாலை இவ்வளவு தாராளமாக அங்கே யார் ஊற்றப்போகிறார்கள்?

“வால்பாறைக்குங்களா? குடை எடுத்துக்கிட்டீங்களா? மேல ரெண்டு வாரமா விடாம ஊத்துதுங்க” என்றார் பரிமாறிய அக்கா. “கரண்டும் வாறதும் போறதுமா இருக்குதாமுங்க.”

நான் கிளம்பி வந்ததே அந்தக் கரண்டால்தான். வால்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் லினக்ஸ் செர்வர் ஒன்று ஓடுகிறது. பறிக்கும் கொழுந்தின் எடை தினமும் ஆள்வாரியாக அதில் ஏறும்; கூலிக் கணக்கு அதை வைத்துத்தான். உள்ளே இரண்டு டிஸ்க். சின்னதில் லினக்ஸும் நடப்புக் கணக்கும். 8 டெராபைட் கொண்ட பெரியதில் பழைய செக்ரோல் புத்தகங்கள், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. தொழிலாளி எந்த நாளில் வேலைக்கு வந்தார் என்பதற்கு அந்தச் செக்ரோல்தான் சாட்சி. ஸ்கேன் முடிந்த புத்தகங்களில் பாதி ஈரத்துக்கும் கரையானுக்கும் போய்விட்டன. செர்வரின் கண்ணில் படாமல் போனது அந்தப் பெரிய டிஸ்க்.

பக்கத்தில் இடி விழுந்து மின்சாரம் போய் வந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு செர்வர் எழும்பவில்லை. கீழேயிருந்து போன டெக்னீஷியன் ஒருவர் பவர் சப்ளையை மாற்றினார். சின்ன டிஸ்க் வந்தது, பெரியது வரவில்லை. இடியில் அதுவும் செத்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம். யாரும் எதையும் ஃபார்மேட் செய்யவேண்டாம், டிஸ்க்கைக் கழற்றித் தூக்கிப் போடவும் வேண்டாம் என்று போனில் கேட்டுக்கொண்டு நான் புறப்பட்டேன்.

ஆழியாறு

தென்னந்தோப்புகள் சட்டென்று முடிந்து மலை நேர் எதிரே நிற்கும் இடம் ஆழியாறு. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் நீரைக் கிழக்கே திருப்பிக் கோவை, திருப்பூர்ப் பக்கத்து வயல்களுக்குத் தரும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணை இங்கேதான் இருக்கிறது. மழைநாளில் தண்ணீரும் மலையும் மேகமும் ஒரே நிறமாகிவிட, எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தொழிற்சாலை ஜீப்பை ஓட்டி வந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்திலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் தாங்காமல் கங்காணியின் பின்னால் மலையேறியவர். அந்தக் காலத்து ஆனைமலைத் தோட்டங்களில் மனிதர்கள் பட்ட பாட்டை, 1940களில் இங்கே டாக்டராக இருந்த பி. எச். டேனியல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். 1969இல் அது வெளியானது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்ததும், பாலாவின் ‘பரதேசி’ அதை ஒட்டி எடுக்கப்பட்டதும் பலருக்குத் தெரிந்திருக்கும். டிரைவர் அண்ணன் படத்தைப் பார்த்திருக்கிறார். “பாதியில எந்திரிச்சு வந்துட்டேன் தம்பி. எங்க தாத்தா சொன்னதையே திரும்பக் கேக்கற மாதிரி இருந்துச்சு.”

என்ன வேலையாக வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். தன் அம்மாவின் கதையை அவராகவே சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெறும்போது கணக்கில் சில வருஷங்கள் குறைந்தன. ஒரு புத்தகத்தில் பேச்சியம்மாள், இன்னொன்றில் பேச்சி. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய செக்ரோலைத் தேடி எடுத்த பிறகே பணம் வந்ததாம்.

பணிக்கொடை விதிப்படி, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் கூலி. ஒரு வருஷத்தின் ஏடு காணாமல் போனால் ஒருவருடைய பதினைந்து நாள் கூலி காணாமல் போகிறது. மடியில் இருந்த கருவிப் பையை அதன்பிறகு கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வளைவு

ஆழியாற்றிலிருந்து மலைமேல் போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் நின்றால் அணை காலுக்குக் கீழே தெரியும். அன்று அணை தெரியவில்லை, வரையாடு தெரிந்தது. சாலையோரத் தடுப்புச் சுவரின் மேலேயே ஒரு தாயும் குட்டியும். ரோமத்தில் மழைத்துளிகள் முத்து முத்தாக நின்றன. எங்களைப் பார்த்துவிட்டு, செங்குத்துப் பாறையில் அவசரமே இல்லாமல் இறங்கிப் போயின. நம் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இங்கே வண்டியை நிறுத்தி அவற்றுக்கு பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வால்பாறை

சுமார் 3500 அடி உயரத்தில் குளிர் சட்டைக்குள் புகுந்துவிடுகிறது. கவர்க்கல் தாண்டியதும் தேயிலை. இரண்டு பக்கமும், எதிர் மலையிலும், அதற்குப் பின்னாலும் தேயிலையே. நடுநடுவே நிழலுக்கு சில்வர் ஓக். சரிவுகளில் மழைக்காகிதத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். மழை அவர்களுக்கு விடுமுறை தருவதில்லை. சொல்லப்போனால் மழைக்குப் பின்தான் கொழுந்து வேகமாகத் துளிர்க்கிறது.

ஊர் என்பது ஒரு நீண்ட கடைத்தெரு. இங்கிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கிவிடலாம் என்பதால் கேரளத்தின் கைமணம் ஓட்டல்களில் இருக்கிறது. மதியம் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும். கிழங்கின் சூடும் குழம்பின் குடம்புளியும் சேர்ந்து உள்ளே இறங்கியபோது விரல்களுக்கு உயிர் வந்தது.

தொழிற்சாலை

வாசலுக்கு ஐம்பதடி முன்பே வாசனை வந்துவிட்டது. அறுத்துப்போட்ட புல்லும் பழுத்த பழமும் கலந்த வாசனை. டீமேக்கர், முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வாட்டும் தொட்டிகளுக்கு அழைத்துப் போனார். கீழேயிருந்து காற்று அடிக்க, நீளமான தொட்டிகளில் பச்சை இலை பரந்து கிடக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து காட்டினார். இலை ஒடியாமல் மெல்ல விரிந்தால் வாட்டம் சரி. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும். “மீட்டர் எல்லாம் இருக்கு சார். ஆனா கை சொல்றதை நான் முதல்ல கேப்பேன்.”

அலுவலகத்தில் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தங்கை செர்வரைக் காட்டினாள். மர மேசைமேல் ஒரு டவர் கேபினெட். அதன் மேல் பிளாஸ்டிக் உறை. உறையின் மடிப்பெல்லாம் தேயிலைத் தூசி. நான் சென்னையில் வேலை பார்க்கும் டேட்டா சென்டரில் ஒரு டிஸ்க் கெட்டால் அதன் முன்னால் விளக்கு எரியும். தட்டை இழுத்து, வேறொன்றைச் செருகி, ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவோம். டிஸ்க்குக்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை, யோசிக்க நேரமும் இல்லை. இங்கே இவள் அந்த ஏடுகளைத் தன் கையால் ஸ்கேன் செய்திருக்கிறாள்.

“எந்திரிக்குது சார். ஒன்றரை நிமிஷம் நின்னுட்டு, ரூட் பாஸ்வேர்டு கேட்டுட்டு அப்படியே நிக்குது.”

அதன் காரணம் எளிது. செர்வர் எழும்போது எந்தெந்த டிஸ்க்கை எங்கே பொருத்தவேண்டும் என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கும். பட்டியலில் உள்ள டிஸ்க் வரவில்லை என்றால் லினக்ஸ் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்று ஒரு சொல் இருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போகும். அதைச் சேர்த்ததும் செர்வர் எழுந்தது, அன்றைய எடை ஏறத் தொடங்கியது. எடைமேடையில் காத்திருந்த சூப்பர்வைசர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

இனி டிஸ்க். எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் சின்னது மட்டும் வந்தது. எஃப்டிஸ்க்கும் அதையே சொன்னது. பலர் இந்த இடத்தில்தான் பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் என்று தேடத் தொடங்குகிறார்கள். அது வீண். பார்ட்டிஷன் கெட்டிருந்தால் டிஸ்க்கின் பெயராவது வரும். பெயரே இல்லை என்றால் கோளாறு அதற்கும் கீழே இருக்கிறது. கெர்னல் என்ன பார்த்தது என்று டிமெசேஜில் தேடினேன். அந்த போர்ட்டுக்கு நேரே ‘சாட்டா லிங்க் டவுன்’ என்று இருந்தது. அதாவது கம்பியின் மறுமுனையில் யாரும் பேசவில்லை. ஹோஸ்ட்டை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லியும் அதே பதில். பயாஸிலும் டிஸ்க் இல்லை.

செர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் திறந்தேன். ஓடுகிற டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் போர்ட்டையும் இதற்கு மாற்றிக் கொடுத்தேன். பலனில்லை. கேபிள் சரி, போர்ட் சரி. மறுபடி பவர் கொடுத்து டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். 7200 சுற்று ஓடும் டிஸ்க் கைக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு சின்ன உதறல், பிறகு சீரான அதிர்வு. தலை உடைந்ததென்றால் டிக் டிக் என்று தட்டும். இங்கே ஒன்றுமே இல்லை. தட்டுகிற சத்தம்கூட இல்லை என்பதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. டீமேக்கர் பின்னால் நின்று, “கை என்ன சொல்லுது சார்?” என்றார்.

“சுத்தவே இல்லை. கரண்டு பக்கம்தான் பாக்கணும்.”

கழற்றிப் போட்ட பழைய பவர் சப்ளை ஸ்டோர் ரூமில் கிடக்கிறது என்றாள் தங்கை. எடுத்து வந்து இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையதில் நாலு முனை மோலெக்ஸ் பிளக். அதிலிருந்து ஒரு அடாப்டர் வழியாகத்தான் டிஸ்க்குக்கு மின்சாரம் போயிருக்கிறது. அடாப்டரில் மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு என்று நாலே ஒயர். 12 வோல்ட், 5 வோல்ட், எர்த். புதிய சப்ளையிலிருந்து நேரே வந்த சாட்டா பிளக்கில் ஐந்து ஒயர். ஐந்தாவது ஆரஞ்சு. அது 3.3 வோல்ட்.

அதுதான் விஷயம். சாட்டா டிஸ்க்கின் பவர் பக்கத்தில் 15 பின்கள். டேட்டா பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் மூன்றும் ஆதியில் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை; பெரும்பாலான டிஸ்க்குகள் அதைப் பயன்படுத்தியதே இல்லை. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிகளில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அதில் மின்னழுத்தம் இருந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கவேண்டும். பெரிய டேட்டா சென்டர்களில் தொங்கிப்போன டிஸ்க்கை, ஆள் போய்ப் பிடுங்காமல் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்ப இந்த ஏற்பாடு. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் இது உண்டு. பழைய அடாப்டரில் ஆரஞ்சு ஒயரே இல்லாததால் இத்தனை நாள் ஓடியது. புதிய பிளக், பழைய வழக்கப்படி மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. ‘அணைந்தே இரு’ என்ற கட்டளைக்கு அந்த டிஸ்க் அடிபணிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. “அப்ப புத்தகமெல்லாம் உள்ளயே இருக்கா சார்?”

கடைத்தெரு

பழைய அடாப்டரையே மாட்டியிருக்கலாம். ஆனால் அதன் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறியிருந்தது. ஒரே அச்சில் வார்த்த மலிவான அடாப்டர்கள் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது ஒரு துண்டு கேப்டான் டேப். சூடு தாங்கும் மஞ்சள் டேப். மொபைல் ரிப்பேர் செய்கிறவர்களிடம் அது இல்லாமல் இருக்காது.

மழையில் டிரைவர் அண்ணனோடு கடைத்தெருவுக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு போனின் சார்ஜிங் பின்னைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டான், சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டான். பின் இடைவெளி எவ்வளவு என்றான். 1.27 மில்லிமீட்டர் என்றேன். அப்படியானால் மூன்றுக்கும் சேர்த்து நாலு மில்லிமீட்டர் போதும் என்று தானே கணக்குப் போட்டு, பிளேடால் மூன்று துண்டுகள் வெட்டி, வழவழப்பான தாளில் ஒட்டி, டிவீசர் ஒன்றையும் இரவல் கொடுத்தான். காசு வாங்கவில்லை. “எங்க ஆயா பேரும் அதுல இருக்கும்ணா” என்றான்.

சிவப்பு விளக்கு

டேப்பை ஒட்டுவதற்குத்தான் அந்த நாளிலேயே அதிக நேரம் பிடித்தது. முதல் மூன்று தங்க நிறப் பின்களும் மறையவேண்டும். நாலாவது எர்த், அதைத் தொடக்கூடாது. டார்ச்சைத் தங்கை பிடித்துக்கொண்டாள். பிளக்கைக் குத்தும்போது டேப் சுருண்டுவிடாமல் ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்தினேன்.

பவர் கொடுத்ததும் உள்ளங்கைக்கு அடியில் அந்த உதறல் வந்தது. பிறகு சீரான அதிர்வு. டிமெசேஜில் ‘லிங்க் அப், 6 ஜிபிபிஎஸ்’. பெயர் வந்துவிட்டது. உடனே எழுதும் உரிமை தரவில்லை. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தேன். ஸ்மார்ட் அறிக்கையில் ஒதுக்கி மாற்றிய செக்டர் பூஜ்யம், நிலுவையில் உள்ளதும் பூஜ்யம். பூரண ஆரோக்கியம்.

முதலில் திறந்த ஏட்டில் நீல மை மங்கிய கட்டங்கள். பெயர்களுக்கு நேரே நாளுக்கு ஒரு கோடு. வராத நாள் வெற்றுக் கட்டம். வலது ஓரத்தில் கையெழுத்துகள், பாதிக்கு மேல் பெருவிரல் ரேகைகள். ஒரு ரேகையில் வெட்டுத் தழும்பு குறுக்கே ஓடியது. டிரைவர் அண்ணன் திரையருகே குனிந்து வெகுநேரம் அந்தப் பக்கத்தில் பெயர்களை வாசித்தார். யார் யாருடைய பாட்டி, எந்த லயன் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்.

நகல் எடுக்க இரவு முழுதும் வேண்டும். நகருக்குத் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். டிரைவர் அண்ணன் கையைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே காட்டினார். தூரத்துக் கம்பத்தில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அதற்குப் பொருள். இந்த மலையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தோட்டங்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து இந்த விளக்குகளை வைத்திருக்கிறது. மொபைலில் இருந்தே எரியவைக்கலாம், குறுஞ்செய்தியும் வரும். இந்த வேலைக்காக எம். ஆனந்த குமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. சென்னையில் இரவு எத்தனை மணிக்கும் தெருவில் இறங்கிவிடுகிறவர்கள் நாங்கள். இங்கே விளக்கு எரிந்தால் ஊரே வீட்டுக்குள் இருக்கிறது, யானைக்கு வழி விடுகிறது. யாரும் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்கவில்லை.

டீமேக்கர் இரவு ஷிப்டில் இருந்தார். டிரையரின் சூட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுக்கொடுத்து, அப்போது இறங்கிய தூளில் பால் சேர்க்காத தேநீர் கொடுத்தார். அப்படி ஒரு தேநீரைக் கடையில் வாங்க முடியாது.

லயன்

காலையில் மழை விட்டிருந்தது. இறங்குமுன் டிரைவர் அண்ணன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓட்டுக்கூரை போட்ட ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாக வீடுகள்; வாசலுக்கு வாசல் செவ்வந்திச் செடி. ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார் அவருடைய மனைவி. பேச்சியம்மாள் பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரல் நுனிகளில் கறுத்த கோடுகள் இன்னும் போகவில்லை. மகன் நடந்ததைச் சொன்னதும், “அந்தப் பொட்டி கெட்டுப்போனா எங்க கணக்கு யார்கிட்டய்யா இருக்கும்?” என்று கேட்டார்.

நேர்மையான பதில், யாரிடமும் இல்லை என்பதுதான். அதனால் இறங்குவதற்கு முன்பே மேனேஜரிடம் இரண்டு வேலைகளை முடித்துக்கொண்டேன். நகல் டிஸ்க் ஒன்று தொழிற்சாலையிலேயே இரும்புப் பெட்டிக்குள் போனது. இன்னொன்று என்னோடு ஜீப்பில் இறங்கி, கோவையில் அவர்களுடைய தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்பட்டது. எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கின் பெயரை எடுத்துவிட்டு, மாறாத அடையாளமான யூயூஐடியைப் போட்டேன். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் போர்ட் மாறினால் மாறிவிடும். கேபினெட்டின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘பெரிய டிஸ்க்கின் முதல் மூன்று பின்களில் டேப் இருக்கிறது, எடுக்காதீர்கள்.’ தங்கையின் கையெழுத்து.

செர்வரைப் பழுது பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க் தெரியவில்லை என்று கூப்பிட்டால், செத்துவிட்டது என்று சொல்லும்முன் அது சுற்றுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். கடைசியாக என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். பவர் சப்ளை என்றால் ஆரஞ்சு ஒயரைத் தேடுங்கள். தோட்டங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. செக்ரோல் ஏடுகள் உங்களிடம் மிச்சம் இருந்தால் இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஸ்கேன் செய்யுங்கள், ஒரு நகலை மலைக்குக் கீழே வையுங்கள்.